எண்ணூறில் எடுத்த முகங்கள்

பதில் சொல்ல எனக்கு ஐம்பத்தொரு மணி நேரம் இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு போட்டோ லேபின் கதவை நான் பாதி திறந்தபோதே புத்தகக்காரர் உள்ளே வந்துவிட்டார். ஷூ தொழிற்சாலையின் அறுபதாவது ஆண்டுக்குப் படப்புத்தகம் போடும் பொறுப்பு அவருடையது. அதற்குப் படம் எடுப்பவள் என் அக்கா. அவள் எடுத்த ஃபிலிமைக் கழுவி பிரிண்ட் போடுவது நான்.

கவுன்டர் கண்ணாடிமேல் இரண்டு பிரிண்ட்களை வைத்தார்.

“ரெண்டையும் ஒரே ஆளா எடுத்தாங்க?”

“ஆமா சார்.”

“அவசரப்படாதீங்க. பாத்துட்டுச் சொல்லுங்க.”

பார்க்கவே வேண்டாம், இரண்டும் நான் போட்ட பிரிண்ட்கள்தான். இடது பக்கம் தையல் பிரிவில் இருக்கும் ஒரு பெண்மணி. இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. காதுக்கு வரும்போதே உருவம் கரைய ஆரம்பித்து, பின்னால் இருந்த தையல் மெஷின்கள் வெறும் சாம்பல் நிறத் திட்டுகளாக இருந்தன. வலது பக்கம் பசை ஒட்டும் பிரிவில் இருக்கும் ஒரு ஆள். அவர் மூக்கும் தெளிவு, காதும் தெளிவு, பின்சுவரில் தொங்கிய தீயணைப்பு வாளியும் தெளிவு. படம் முழுக்க மணல் தூவியது போல ஒரு சொரசொரப்பு.

“ஒப்பந்தத்துல நான் பிடிவாதமா போட வச்சது ஒரே ஒரு வரிதான்,” என்றார். “எல்லாப் படமும் உங்க அக்கா எடுத்ததா இருக்கணும். நாலு பேரு நாலு விதமா எடுத்து ஒட்டுப்போட்ட புத்தகம் எனக்கு வேணாம். இப்ப என்னடான்னா வீட்டுக்காரர் தினம் கூடவே வர்றாராம். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு சூப்பர்வைசர் மாதிரி சுத்துறாராம்.”

“பை கனம் சார்.”

“இருக்கட்டும். உங்க அக்காகிட்ட கேட்டா கோச்சுக்குவாங்க. அவர்கிட்ட கேட்டா ஜோக் அடிப்பாரு. உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு உங்க முதலாளி சொன்னாரு. திங்கக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். உங்க அக்கா எடுக்கலைன்னா மிச்சத்தை வேற ஆளை வச்சு எடுத்துக்கறேன். இதுவரைக்கும் எடுத்ததையும் போடமாட்டேன்.”

எனக்கு வெளியாட்களிடம் மூன்று சொல்லுக்கு மேல் வராது. தலையாட்டினேன். இது அக்காவின் முதல் புத்தகம். பதினைந்து வருடம் பாஸ்போர்ட் போட்டோவும் கல்யாணமும் எடுத்தவளுக்கு, அட்டையில் பெயர் போட்டு வரப்போகும் முதல் பொருள். அது இப்போது என் வாயில் இருந்தது.

அவரிடம் சொல்லாத ஒன்று என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் கழுவிய ரோல்.

எங்கள் லேபில் இருப்பது கலர் ஃபிலிம் கழுவும் மெஷின் மட்டும்தான். கறுப்பு வெள்ளைக்குத் தனி மருந்து வைத்துக் கட்டுப்படியாகாது என்று முதலாளி நிறுத்தி ரொம்ப நாளாகிறது. அதனால் அக்கா கலர் மருந்திலேயே கழுவக்கூடிய ஒருவகைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமைப் பயன்படுத்துகிறாள். சாதாரணக் கறுப்பு வெள்ளையில் கடைசிவரை நிற்பது வெள்ளி. இதில் வெள்ளியைக் கரைத்து வெளியேற்றிவிடுவோம். அது இருந்த இடத்தில் சாயம் மட்டும் நிற்கும். நான் வேதியியல் படித்தவள். எனக்கு இந்த ஃபிலிமின்மேல் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் இது ரொம்பப் பொறுமையானது. டப்பாவில் ஸ்பீடு, அதாவது வெளிச்சத்தை உள்வாங்கும் வேகம், நானூறு என்று போட்டிருக்கும். எடுப்பவர் அதை ஐம்பது என்று வைத்துக்கொண்டும் எடுக்கலாம், எண்ணூறு என்று வைத்துக்கொண்டும் எடுக்கலாம். கழுவுவதில் எந்த மாற்றமும் வேண்டாம். ஏதோ ஒரு படம் வந்தே தீரும். ஸ்பீடைக் குறைத்து வைத்தால் ஃபிலிமுக்கு வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும், நெகடிவ் அடர்ந்து, படம் வழவழப்பாக வரும். கூட்டி வைத்தால் வெளிச்சம் பட்டினி. நெகடிவ் மெலிந்து, படம் சொரசொரக்கும்.

அக்கா எப்போதும் இருநூறில்தான் எடுப்பாள். வேலை கிடைத்ததும் இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வாரம் சண்டை நடந்தது. நானூறு என்று போட்டிருப்பதை நானூறிலேயே எடுக்க வேண்டியதுதானே என்பது என் கட்சி.

“டப்பாவுல போட்டிருக்கிறது கம்பெனிக்காரன் ஆசை,” என்றாள் அக்கா. “எனக்கு வேண்டியது தோல். தோலு தோலா தெரியணும். இருநூறு.”

“அப்ப லென்ஸை நல்லா திறந்துதான் எடுக்க முடியும். கொஞ்சம் ஃபோகஸ் தப்பினாலும் போச்சு.”

“நான் எப்பத்திலேர்ந்து தப்புறேன்?”

அது உண்மை. லென்ஸின் துளையை அகலத் திறந்து, மூக்கை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பிடிப்பாள். ஒரு விரல் அகலம் பிசகினால் படம் குப்பை. அவளுக்குப் பிசகியதே இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ரோல்களின்மேல் ‘800’ என்று எழுதி வர ஆரம்பித்தது. முன்பெல்லாம் பென்சிலில் எறும்பு எழுதியது போல எழுதியிருப்பாள். இப்போது தடித்த மார்க்கர். யார் எழுத்து என்று சொல்ல முடியாத பெரிய எண். உள்ளே மெலிந்த நெகடிவ்கள். மூக்கு முதல் பின்சுவர் வரை எல்லாம் தெளிவு. லென்ஸின் துளையைச் சுருக்கி வைத்தால் அப்படித்தான் வரும். ஃபோகஸைப் பற்றிக் கவலையே பட வேண்டாம். துளையைச் சுருக்கினால் வெளிச்சம் போதாது, அதனால் எண்ணூறு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது அக்காவின் கணக்கு இல்லை.

“ஏன்க்கா திடீர்னு?”

“மாத்திப் பாக்கக்கூடாதா? எல்லாத்துக்கும் உன்கிட்ட லீவு லெட்டர் கொடுக்கணுமா?”

அதோடு விட்டுவிட்டேன். ஆனால் முந்தின நாள் ரோலை விட முடியவில்லை. மேலே ‘800’ என்றுதான் எழுதியிருந்தது. கழுவி வெளிச்சத்தில் பிடித்தால் தார் பூசியது போல் இருந்தது. இவ்வளவு அடர்த்தி எண்ணூறில் வராது. இருநூறில்கூட வராது. பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். நின்ற பொருள்களெல்லாம் துல்லியம். அசைந்ததெல்லாம் புகை. தோல் வெட்டுபவர் முகம் பாதி இருந்தது, கை இல்லை. ஷட்டர் அளவுக்கு மீறி நேரம் திறந்திருக்கிறது. வெளிச்சம் அளக்கும் லைட் மீட்டரில் யாரோ எண்ணூறுக்குப் பதில் எண்பது வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் வட்ட மீட்டர் அது. ஒரே வளையத்தில் எண்பதும் இருக்கும், எண்ணூறும் இருக்கும், கடுகு கடுகாக.

அக்கா இதைச் செய்யமாட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்யமாட்டாள். வேறு யாரோ செய்திருக்கிறார்கள். அந்த வேறு யாரோ யார் என்று யோசித்தால் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவார். நான் டாக்டர் இல்லை என்பதுதான் அதிலுள்ள ஜோக். சுற்றுலா போனால் மாமா எடுக்கும் படங்களில் மூக்கு முதல் மலை வரை எல்லாம் தெளிவாக இருக்கும். இரண்டு மாதமாக அவர் மத்தியான வகுப்புகளை விட்டுவிட்டு அக்காவோடு தொழிற்சாலைக்குப் போகிறார். இரண்டு மாதமாக அக்கா செவ்வாய்க்கிழமைகளில் பல் டாக்டரிடம் போகிறாள். போய்விட்டு வந்து வறுத்த கடலை சாப்பிடுகிறாள்.

மத்தியானம் அந்த ரோலைப் பையில் போட்டுக்கொண்டு, லேபைப் பூட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. படிக்கட்டில் இதுவரை இல்லாத பல்பு ஒன்று புதிதாக எரிந்தது.

மாமாதான் கதவைத் திறந்தார். “வாங்க டாக்டரம்மா. சொல்லாம கொள்ளாம ரெய்டா?”

“சும்மாதான் மாமா.”

“சும்மா வர்ற ஆளா நீ? பொறந்தநாளுக்குக் கூப்பிட்டாலே மூணு தடவை யோசிப்ப.”

அக்கா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். “யாரு, நத்தையா?” என்றாள். சின்ன வயதில் யாராவது வந்தால் நான் கட்டிலுக்கடியில் போய்விடுவேன். அப்போது வைத்த பெயர்.

மாமா காபி கொண்டுவந்தார். அக்காவின் டம்ளரை வைக்கும்போது அதன் அடியால் மேஜையை ஒரு தட்டு தட்டி வைத்தார். என் டம்ளரைத் தட்டவில்லை.

“புத்தகக்காரர் வந்தாருக்கா.”

“என்னவாம்?”

“படம் மாறியிருக்குன்னாரு.”

“மாறித்தான் இருக்கு. எண்ணூறு. அவருக்கு என்ன தெரியும்?”

அக்கா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் காதைப் பார்த்துச் சொன்னாள். நான் நகர்ந்து அவள் பார்வைக்கு நேராக உட்கார்ந்தேன். அவள் தலை லேசாகத் திரும்பி மறுபடி என் காதுக்குப் போனது. பொய் சொல்பவர்கள் கண்ணைப் பார்க்கமாட்டார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவள் என்னிடம் இதுவரை பொய் சொன்னதில்லை.

கேமரா பை நாற்காலியில் திறந்து கிடந்தது. ஃபிலிம் டப்பாக்களுக்கு நடுவே ஒரு வெள்ளை நூல் கண்டு. இழுத்தேன். நடுநடுவே முடிச்சுகள். ஒரு நுனியில் சின்ன வளையம்.

“இது என்னது?”

“பை கிழிஞ்சிருந்தது,” என்று மாமா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “தைக்கிறதுக்கு.”

“ஊசி எங்க?”

“வக்கீலுக்குப் படிச்சியா, வேதியியல் படிச்சியா?” என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“நாங்க கிளம்பணும்,” என்றாள். “இன்னிக்கு பெட்டி போடுற பிரிவு.”

“நானும் வர்றேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் “எதுக்கு?” என்றார்கள்.

“நான் கழுவுற படத்தை எங்க எடுக்குறீங்கன்னு பாக்க.”

வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை. மாமாவின் காரில் கிளம்பினோம். டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் இடதுபக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. அக்காவின் கால் அதன்மேலேயே இருந்தது. வழியில் ஒரு திருப்பத்தில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். மாமா பிரேக் போட்டார். அக்காவின் கால் அசையவில்லை. காரில் ஏறினாலே மாமாவுக்கு முன்னால் பிரேக் போட்டு அவரிடம் திட்டு வாங்குபவள் அவள்.

தொழிற்சாலை வாசலில் மாமா என்னைக் கேன்டீன் பக்கம் கைகாட்டினார். “அங்க உக்காரு. உள்ள தூசி. உனக்கு ஒத்துக்காது.”

அவர்கள் உள்ளே போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போனேன். பெட்டி போடும் பிரிவுக்கு இரட்டைக் கதவு. ஒரு கதவில் வட்டமாகக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதன் வழியே பார்த்தேன்.

நீள மேஜை. அட்டைப்பெட்டிகள் உச்சி வரை அடுக்கியிருந்தன. ஜன்னலோரம் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கேமரா மூன்றுகால் ஸ்டாண்டில் நின்றது. அதன் கழுத்தில் நூலின் வளையம் மாட்டியிருந்தது. மாமா மறுநுனியைப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“என்ன சார், தையக்காரரு மாதிரி அளவெடுக்குறீங்க?” என்றாள் அவள். “ஜாக்கெட் எப்பத் தருவீங்க?”

“கழுத்து ரொம்ப இறக்கமா, கொஞ்சமா?” என்றார் மாமா. மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ரெண்டாவது முடிச்சு,” என்றார் பிறகு, அக்காவைப் பார்த்து.

அக்கா லென்ஸின் வளையத்தை விரலால் தடவித் திருப்பினாள். அதில் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டியிருந்தது. மீட்டரைக் கையில் எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் காதருகே தூக்கிப் பிடித்து, ஓரக்கண்ணால் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்காமல் அந்தப் பெண்ணிடம் பேச ஆரம்பித்தாள். மாமியார் எப்படி இருக்கிறார், பெரிய பெண்ணுக்குப் பரீட்சை முடிந்ததா என்றெல்லாம். பதில் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் குரல் மாறியது. மாமியாரின் புதிய செருப்பு காணாமல் போன கதை வந்தது. கதையின் நடுவே, அவள் சிரிக்கப்போய்ச் சிரிக்காமல் நிறுத்திய ஒரு விநாடியில், அக்கா பட்டனை அழுத்தினாள். அந்த விநாடி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் பிந்தியிருப்பேன்.

அழுத்தியது அக்காதான். என் சந்தேகம் அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. தூரத்தை அளப்பவர் ஒருவர், அழுத்துபவர் ஒருவர் என்றால் எடுப்பவர் யார்? அந்த எண்பதை வைத்தது யார்? திங்கட்கிழமை புத்தகக்காரர் “யார் எடுத்தது” என்றுதான் கேட்பார். “யார் அழுத்தியது” என்று கேட்கமாட்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. மாமா என் முழங்கையைப் பிடித்து, அட்டைப்பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அக்கா ஒரு கையால் அடுக்கைத் தடவிக்கொண்டே பின்னால் வந்தாள்.

“கேன்டீன்ல இருன்னு சொன்னேன்ல?”

பையிலிருந்து தார் பூசிய ரோலை எடுத்தேன். “அக்கா, இது வெள்ளிக்கிழமை ரோல். இதுல மீட்டர் எத்தனைல இருந்தது?”

“எண்ணூறு. எல்லாமே எண்ணூறு.”

“இப்ப எத்தனைல இருக்கு?”

“எண்ணூறுன்னுதானே சொல்றேன்.”

அவள் கையிலிருந்த மீட்டரை வாங்கிப் பார்த்தேன். “எண்பது.”

அக்கா கையை நீட்டினாள். நீட்டிய கை மீட்டருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மாமா சட்டென்று நடுவில் வந்தார்.

“நான்தான். நான்தான் வச்சேன். காலையில துடைக்கும்போது திருகிட்டேன் போல.”

“வெள்ளிக்கிழமையுமா?”

“வெள்ளிக்கிழமையும் நான்தான்.”

“அப்ப மீட்டர் பாக்குறது நீங்களா மாமா?”

அவர் மீட்டரை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தார்.

“தூரம் அளக்குறது நீங்க. மீட்டர் நீங்க. எண்ணூறும் உங்க யோசனையா? திங்கக்கிழமை அந்த ஆளு என்கிட்ட கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்? ரெண்டு மாசமா படம் எடுக்கிறது எங்க மாமான்னு சொல்லட்டுமா?” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “சொன்னா புத்தகமே போச்சு.”

மாமா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். டிரைவிங் கற்க வருபவர்கள் காரை எதிலாவது மோதப்போகும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அநேகமாக இப்படி இருக்கும். அவருக்கு இரண்டு பக்கமும் சுவர்.

“சொல்லிக்கோ,” என்றார் கடைசியில். “நான்தான் எடுத்தேன்னு சொல்லிக்கோ. புத்தகம் போனா போகுது.”

“மாமா!”

“போகுதும்மா. அதுக்காக...”

“வாய மூடுங்க,” என்றாள் அக்கா.

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் மாமா நிறுத்திவிட்டார்.

“அந்தப் பசை ஒட்டுற ஆளை எடுத்தது இவரா? அந்த ஆளு வாயத் திறக்க வைக்கவே எனக்கு மூணு நாள் ஆச்சு. இவருக்கு அந்த ஆளு பேருகூடத் தெரியாது. கெட்ட படமோ நல்ல படமோ, எண்ணூறோ எண்பதோ, ஒவ்வொண்ணும் நான் எடுத்தது. இவர் எடுத்தார்னு எவன்கிட்டயாவது சொன்னே, நத்தை, அப்புறம் நான் உன்கிட்ட பேசவே மாட்டேன்.”

“அப்ப நூல் எதுக்குக்கா? அவர் வச்ச எண்பது...”

“அவர் வைக்கல. எண்பது வச்சது நான்.”

“இல்லடி,” என்றார் மாமா. “வேணாம். இவளுக்குப் பொய் சொல்ல வராது. தெரிஞ்சா திங்கக்கிழமை அப்படியே சொல்லிடுவா. அதுக்குத்தானே இவ்வளவு நாளும்...”

“சொல்லட்டும். நீங்க எடுத்தீங்கன்னு சொல்றதுக்கு இது எவ்வளவோ மேல்.”

அக்கா என் இரண்டு தோளையும் பிடித்தாள். தேடித்தான் பிடித்தாள். முதலில் வலது தோள், அதிலிருந்து தடவி இடது தோள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். கண்ணுக்குக் கண். இரண்டு மாதத்தில் முதல்முறையாக. பார்த்துவிட்டு, முன்போலவே தலையை மெல்லத் திருப்பி, என் காதுக்குப் போய் நின்றாள்.

“ஓரத்துல எல்லாம் தெரியுது. பெட்டி தெரியுது. ஜன்னல் தெரியுது. உன் காது, தோடு, முடி எல்லாம் தெரியுது,” என்றாள். “நேரா பாத்தா நடுவுல ஒண்ணும் இல்ல. உன் மூஞ்சி இருக்கிற இடத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல, நத்தை.”